மின்சாரத் திட்டத்தையும் புத்தகத் தணிக்கையையும் எதிர்த்த செனட்டர்: சர் ஜான் கீனின் அவை உரைகள்

வாசகர் கேள்வி: 9 பிப்ரவரி 2024

அயர்லாந்தின் மேலவையில் இருந்த பழமைவாதிகள் அனைவரும் புத்தகத் தணிக்கையை ஆதரித்தார்கள் என்றும், யேட்ஸைப் போன்ற எழுத்தாளர்களும் தாராளவாதிகளும்தான் அதை அவையில் எதிர்த்தார்கள் என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். இது சரிதானா?

10 பிப்ரவரி 2024

சரியில்லை. 1942இல் தணிக்கை வாரியம் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்று ஷானட் எனப்படும் அந்த மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தவர், அங்கிருந்தவர்களில் மிகத் தெளிவான பழமைவாதி: வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்துக் கப்போகுவின் ஊரின் நிலக்கிழார், சர் ஜான் கீன். அவரை எதிர்த்து மணிக்கணக்கில் பேசிய பேராசிரியர் வில்லியம் மக்கென்னிஸும் பழமைவாதிதான். தணிக்கை வாரியத்தின் தலைவரும் அவரே. ஒருவர் நிலமும் சொத்தும் சார்ந்த பழமைவாதி. மற்றவர் மதமும் ஒழுக்கமும் சார்ந்த பழமைவாதி. அந்த நான்கு நாள் விவாதத்தை வலதுக்கும் இடதுக்கும் நடந்த சண்டையாகப் படித்தால் அதில் உண்மையில் நடந்தது கண்ணில் படாது.

12 பிப்ரவரி 2024

கீனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். 1873இல் பிறந்தவர், பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை வழிவழியாகப் பெற்ற குடும்பத்தில் அந்தப் பட்டம் வகித்த ஐந்தாமவர், பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் அதிகாரியாகப் போர் கண்டவர். 1922இல் ஐரிஷ் சுதந்திர அரசு அமைந்தபோது, பிரிட்டனோடான இணைப்பை விரும்பிய சிறுபான்மையினருக்குப் புதிய நாட்டில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், அறுபது பேர் கொண்ட அவையில் பாதிப்பேரை, புதிய அரசாங்கத்தை நடத்திய காஸ்கிரேவ் நியமித்தார். அவர்களில் கீனும் ஒருவர். அந்த நியமனத்துக்கு அவர் கொடுத்த விலை பெரியது. உள்நாட்டுப் போரில், அந்த அரசு அமையக் காரணமான பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை எதிர்த்த தரப்பினர் செனட்டர்களின் வீடுகளையும் இலக்குகளாக அறிவித்திருந்தார்கள். 1923 பிப்ரவரியில் கப்போகுவின் மாளிகை எரிக்கப்பட்டது. நாட்டை விட்டுப் போக அவருக்கு வசதியும் காரணமும் இருந்தன. அவர் போகவில்லை, வீட்டை மீண்டும் கட்டினார், அவைக்கும் தொடர்ந்து வந்தார்.

1936இல், அப்போது அரசாங்கத்தை நடத்திய டி வலேரா அந்தப் பழைய மேலவையைக் கலைத்தார். 1937 அரசியலமைப்பின் கீழ் புதிய மேலவை வந்தபோது, அதில் பதினொரு பேரைப் பிரதமரே நியமிக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. நம் மாநிலங்களவையில் பன்னிரண்டு பேரை நியமிக்கும் வழக்கத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது இந்த ஏற்பாடுதான். 1938இல் அந்த வழியாகவே கீன் திரும்பி வந்தார், 1948 வரை இருந்தார். மக்கென்னிஸும் அதே வழியாக, அதே பிரதமரின் நியமனத்தால் வந்தவர். 1942இல் எதிரெதிரே நின்ற இருவரையும் அவைக்கு அனுப்பியது ஒரே கை.

13 பிப்ரவரி 2024

நான் கீனை முதலில் சந்தித்தது தணிக்கை விவாதத்தில் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அவரைப் படிக்கும் விதத்தை அது இன்றும் பாதிக்கிறது. நான் மின் பொறியாளன். லிமரிக் நகருக்கு அருகில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, ஷானன் ஆற்றின் மேல் கட்டப்பட்ட ஆர்ட்னகிரஷா நீர்மின் நிலையத்தைப் பார்க்கப் போனேன். ஆற்று நீரைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய் வழியே கொண்டுவந்து, ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரத்திலிருந்து குழாய்களில் இறக்குகிறார்கள். 1929இல் திறந்த நிலையம் இன்றும் ஓடுகிறது. அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்று வயதுகூட நிரம்பாத ஓர் அரசு, உள்நாட்டுப் போரின் கடன் தீராத நிலையில், ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, 52 லட்சம் பவுண்டை, ஒரே திட்டத்தில் வைக்கத் துணிந்திருக்கிறது.

அறைக்குத் திரும்பி, இதை யார் எதிர்த்தார்கள் என்று அவைக் குறிப்புகளில் தேடினேன். அயர்லாந்தின் இரு அவைகளின் விவாதங்களும் தொடக்க காலத்திலிருந்தே இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. கீன் என்ற பெயர் வந்தது. அன்று அவர் மீது எனக்குக் கோபம்தான் வந்தது.

17 பிப்ரவரி 2024

ஷானன் விவாதங்களை இந்த வாரம் மறுபடி படித்தேன். முன்பு கோபத்தில் படித்ததைவிட இப்போது நிதானமாகப் படிக்க முடிகிறது.

கீனின் எதிர்ப்பு இரண்டு அடுக்குகளாக இருந்தது. முதல் அடுக்கு கணக்கு: அவ்வளவு மின்சாரத்தை வாங்குவதற்கு நாட்டில் யார் இருக்கிறார்கள்? பெரிய தொழில் இல்லை, கிராமங்களில் விளக்குத் திரியும் மெழுகுவர்த்தியும்தான். அன்று பலரும் கேட்ட நியாயமான கேள்வி இது. இரண்டாவது அடுக்குதான் அவருக்கே உரியது. 1927இல் மின் விநியோகம் முழுவதையும் ஒரு புதிய வாரியத்தின் கையில் ஒப்படைக்கும் மசோதா வந்தபோது, அரசே முதலாளியாவதை, அதிலும் போட்டியும் மேற்பார்வையும் இல்லாத ஒரு வாரியத்தின் மூலம் முதலாளியாவதை அவர் கடுமையாக எதிர்த்தார். தனியார் கம்பெனிகள் நடத்திவந்த சிறு மின் நிலையங்களைச் சட்டத்தின் வழியே எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவருக்குச் சோஷலிசத்தின் முதல் படியாகவே தெரிந்தது.

கணக்கில் அவர் தோற்றார். 1930களின் நடுவில் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு நிலையத்திலிருந்தே வந்தது. தேவை இல்லை என்று சொன்னவர்களுக்குத் தேவை வளர்ந்து பதில் சொன்னது. 1946க்குப் பிறகு கம்பிகள் கிராமங்களுக்குப் போனபோது, தண்ணீர் சுமந்த பெண்களின் வாழ்க்கையை மின் மோட்டார் மாற்றியது. கீன் கேட்டபடி காத்திருந்திருந்தால் அந்தப் பெண்கள் எத்தனை ஆண்டுகள் கூடுதலாகக் குடம் தூக்கியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

18 பிப்ரவரி 2024

இப்போது 1942. தீர்மானத்தின் கருத்து இது: 1929 சட்டத்தின்படி நீதியமைச்சர் நியமித்த தணிக்கை வாரியம் பொதுமக்களின் நம்பிக்கையைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை, அமைச்சர் அதை மாற்றியமைக்க வேண்டும். நவம்பர் 18 அன்று கீன் இதை முன்வைத்தார். விவாதம் டிசம்பர் வரை நான்கு நாள் அமர்வுகளில் நீண்டது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. ரேஷனும் நிலக்கரித் தட்டுப்பாடும் பேச வேண்டிய அவை மூன்று புத்தகங்களுக்காக நான்கு நாள் உட்கார்ந்தது.

அந்த மூன்றையும் அவர் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

முதலாவது, ஹாலிடே சதர்லேண்ட் எழுதிய ‘வாழ்வின் விதிகள்’. சதர்லேண்ட் ஒரு கத்தோலிக்க மருத்துவர். கருத்தடைப் பிரசாரத்தை எதிர்த்து எழுதி, அதனால் கருத்தடைப் பிரசாரகர் மேரி ஸ்டோப்ஸ் தொடுத்த அவதூறு வழக்கை 1920களில் சந்தித்தவர். அவருடைய புத்தகத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மறைமாவட்டத்தின் திருச்சபை அனுமதி இருந்தது. மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புக் குறைந்த நாட்களைப் பற்றி அதில் எழுதியிருந்தார். வாரியம் தடை செய்தது. திருச்சபை படிக்கலாம் என்று சொன்ன ஒரு கத்தோலிக்கரின் புத்தகத்தை, கத்தோலிக்க ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லும் வாரியம் தடை செய்திருக்கிறது. இதை அவையில் எழுப்பியவர் புராட்டஸ்டன்ட் நிலக்கிழார்.

இரண்டாவது, கேட் ஓப்ரையனின் நாவல் ‘நறுமணப் பொருள்களின் நாடு’. ஒரு கன்னிமாடத்தின் தலைவியைப் பற்றியது. பக்தியும் கல்வியும் நிறைந்தது. அதில் ஒரே ஒரு வாக்கியத்தில், அந்தப் பெண் இளவயதில் தன் தந்தையையும் இன்னோர் ஆணையும் காதல் அணைப்பில் கண்டாள் என்று வருகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக முழு நாவலும் தடை.

மூன்றாவது, எரிக் க்ராஸ் எழுதி அந்த ஆண்டுதான் வெளிவந்த ‘தையற்காரரும் ஆன்ஸ்டியும்’. கார்க் மாவட்டத்தின் மேற்கே கூகான் பாரா ஏரிக்கு அருகே ஒரு குடிசையில் வாழ்ந்த டிம் பக்லி என்ற முதிய தையற்காரரும் அவருடைய மனைவி ஆன்ஸ்டியும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசிய பேச்சுகளின் தொகுப்பு. மாடு கன்று போடுவதையும் ஆணும் பெண்ணும் கூடுவதையும் ஒரே இயல்போடு பேசுகிற நாட்டுப்புறப் பேச்சு.

ஒன்று மருத்துவம், ஒன்று இலக்கியம், ஒன்று வாய்மொழி மரபு. சட்டம் ஒரு புத்தகம் ‘அதன் பொதுப் போக்கில்’ ஆபாசமானதா என்று பார்க்கச் சொல்கிறது. இலக்கிய, அறிவியல், வரலாற்று மதிப்பையும், எந்த வகை வாசகர் கையில் போகும் என்பதையும் கருதச் சொல்கிறது. ஒரு வாக்கியத்துக்காக ஒரு நாவல் தடைபட்டால் ‘பொதுப் போக்கு’ என்ற சொல் சட்டத்தில் எதற்கு இருக்கிறது? கீன் வைத்த வழக்கின் அச்சாணி இதுதான் என்று நான் படிக்கிறேன். சுதந்திரத்தைப் பற்றிய பெரிய பேச்சைவிட, நீங்கள் இயற்றிய சட்டத்தை நீங்களே மீறுகிறீர்கள் என்ற வாதம்தான் எனக்கு அந்த உரையில் வலுவாகத் தெரிகிறது.

19 பிப்ரவரி 2024

கேள்வி கேட்ட வாசகர் யேட்ஸைக் குறிப்பிட்டிருந்தார். நான் அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். யேட்ஸ் 1922 முதல் 1928 செப்டம்பர் வரை செனட்டராக இருந்தார். விவாகரத்தைத் தடுப்பதை எதிர்த்து அவர் 1925 ஜூன் 11 அன்று பேசிய உரைதான் புகழ்பெற்றது. தணிக்கை மசோதாவை எதிர்த்து 1928இல் பத்திரிகைகளில் எழுதினார், ஆனால் அது 1929இல் மேலவைக்கு வந்தபோது அவர் அங்கே இல்லை. அப்போது அதைக் குறைகூறியவர்களில் கீன் இருந்தார். 1942க்குள் யேட்ஸ் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த 1925 உரையையும் முழுத் தாராளவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் இனத்தின் பெருமையையும் உயர்குடி உணர்வையும் முன்னிறுத்திய பேச்சு அது.

24 பிப்ரவரி 2024

கீன் தன் உரையில் ‘தையற்காரரும் ஆன்ஸ்டியும்’ புத்தகத்திலிருந்து பகுதிகளை அவையில் வாசித்துக் காட்டினார். அவைக் குறிப்பில் அந்த இடத்துக்கு வந்தால் வாசித்த சொற்கள் இல்லை. செனட்டர் புத்தகத்திலிருந்து மேற்கோள் காட்டினார் என்ற ஒரு குறிப்பு மட்டும் அடைப்புக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு உரை தொடர்கிறது.

நான் இந்தப் பக்கத்தில் பல மாலைகள் நின்றிருக்கிறேன். ஒரு புத்தகம் தடைக்கு உரியதா என்பதுதான் விவாதப் பொருள்; அதற்கான சாட்சியம் அந்தப் புத்தகத்தின் சொற்கள்; அந்தச் சொற்களை அவையில் இருந்தவர்கள் கேட்டார்கள், பின்னால் வந்த குடிமக்கள் பார்க்கக் கூடாது என்று குறிப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பிறகு வந்த ஒவ்வொரு பேச்சும் நாம் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றியே பேசுகிறது. அது அசிங்கம் என்று ஒருவர் சொல்கிறார், அது சாதாரணம் என்று இன்னொருவர் சொல்கிறார், நமக்கோ வெறும் அடைப்புக்குறி. தணிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது, அதை எழுதியது நாடாளுமன்றமே.

2 மார்ச் 2024

மக்கென்னிஸின் பதிலை நியாயமாகப் படிக்க முயன்றேன், ஏனென்றால் எதிர்த்தரப்பை நாம் எழுப்பி நிறுத்துகிற பொம்மையாக ஆக்கிவிடக் கூடாது. அவர் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். புதிய நாட்டின் கிராமங்களுக்குள் பிரிட்டிஷ் மலிவுப் பதிப்புகள் வெள்ளமாக வருகின்றன, அவற்றை வடிகட்டச் சட்டம் தந்த வேலையைத்தான் வாரியம் செய்கிறது, ஊதியமும் இல்லாமல் செய்கிறது என்ற அவருடைய தரப்பில் ஓர் உண்மையான அக்கறை இருக்கிறது. சிறு நாடு ஒன்று பெரிய அண்டை நாட்டின் அச்சகத்துக்கு அஞ்சுவது எனக்குப் புரிகிற அச்சம்.

ஆனால் தையற்காரரையும் அவர் மனைவியையும் பற்றி அவர் பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த முதியவரைப் பாலியல் எண்ணங்களில் மூழ்கியவர் என்றார். ஆன்ஸ்டியை, வயது ஏறியும் அறிவு நான்கைந்து வயதுக் குழந்தையின் அளவில் நின்றுவிட்டவள் என்று, அமெரிக்க உளவியலின் ஒரு சொல்லை எடுத்து வகைப்படுத்தினார். இவர்கள் கதைமாந்தர் இல்லை. அந்த ஏரிக்கு அருகே உயிரோடு இருந்த முதிய ஏழைத் தம்பதி. அவையில் பேசியதற்கு யாரும் வழக்குத் தொடர முடியாது. அவர்கள் எழுந்து பதில் சொல்ல அந்த மண்டபத்தில் இருக்கையும் இல்லை.

3 மார்ச் 2024

நேற்று எழுதியதை வைத்து ஒரு வாசகர் கேட்கிறார்: அப்படியானால் கீன் ஏழைகளுக்காகப் பேசினாரா?

அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, ஆசை மட்டும் உண்டு. அவர் வங்கிக்காரர், 1940களின் தொடக்கத்தில் அயர்லாந்து வங்கியின் ஆளுநராகவே இருந்தவர், நிலக்கிழார், வரிக்கும் அரசுச் செலவுக்கும் எதிராகவே பெரும்பாலும் எழுந்தவர். தீர்மானமும் தணிக்கையை ஒழிக்கச் சொல்லவில்லை, வாரியத்தை மாற்றச் சொன்னது. இன்னொரு கலக்கமும் எனக்கு உண்டு. அந்தத் தீர்மானம் வராமல் இருந்திருந்தால் மக்கென்னிஸுக்கு அந்த மேடையே கிடைத்திருக்காது; தையற்காரரின் பெயர் நான்கு நாள் நாடாளுமன்றத்தில் அலசப்பட்டிருக்காது. நல்ல நோக்கத்தோடு ஒருவருடைய சொற்களை உரக்க வாசிப்பதும் அவரை வெளியே இழுத்து நிறுத்துவதுதான். கீன் இதை எண்ணிப் பார்த்தாரா என்பதற்கு அவருடைய உரைகளில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

17 மார்ச் 2024

விடுமுறை நாளில் கூகான் பாராவுக்குப் போய்வந்தேன். மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்த கரிய ஏரி, லீ ஆறு அங்கிருந்துதான் பிறக்கிறது. சிறு தீவில் புனித ஃபின்பாரின் தேவாலயம். அதற்கு எதிரே, சாலையோரத்துக் கல்லறைத் தோட்டத்தில் தையற்காரரும் ஆன்ஸ்டியும் இருக்கிறார்கள். சிற்பி ஷேமஸ் மர்ஃபி செதுக்கிய கல்லில் ஷேக்ஸ்பியரின் வரி: ஒரு விண்மீன் நடனமாடியது, அதன் கீழே நான் பிறந்தேன்.

தடைக்குப் பிறகு ஊர் அவர்களை ஒதுக்கியது. மூன்று பாதிரியார்கள் வீட்டுக்கு வந்து, முதியவரை மண்டியிடச் செய்து, அவரிடமிருந்த பிரதியை அவருடைய அடுப்பிலேயே அவர் கையாலேயே எரிக்கவைத்தார்கள். எந்த அடுப்பங்கரையில் அந்தப் பேச்செல்லாம் பிறந்ததோ அதே அடுப்பு. 1945இல் அவரும், இரண்டு ஆண்டுகள் கழித்து ஆன்ஸ்டியும் இறந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. உலகத்தை மெதுவாக எடுத்துக்கொள், உலகமும் உன்னை மெதுவாக எடுத்துக்கொள்ளும் என்று ஐரிஷ் மொழியில் அவர் அடிக்கடி சொல்வாராம். உலகம் அவரை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

18 மார்ச் 2024

இதை எழுதலாமா என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன்.

நான் படித்த கல்லூரியில் நூலகக் குழுவில் மாணவர் சார்பில் ஓராண்டு இருந்தேன். ஒரு பெற்றோர் புகார் கொடுத்ததன் பேரில் ஒரு நாவல் கூட்டத்துக்கு வந்தது. பென்சிலால் கோடிட்ட மூன்று பக்கங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். குழுவில் ஒருவர் அந்தக் கோடிட்ட வரிகளை மட்டும் வாசித்தார்; எல்லாரும் தலை குனிந்திருந்தோம்; அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம் என்று எழுதிய தாளில் நானும் கையெழுத்திட்டேன். கூட்டம் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. புத்தகத்தை முழுதாகப் படித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நாவலை வாங்கிப் படித்தேன். மகளை இழந்த ஒரு தாயின் கதை அது. கோடிட்ட மூன்று பக்கங்கள் அந்தத் துக்கத்தின் வாசலாக இருந்தன.

‘பொதுப் போக்கு’ என்ற சட்டச் சொல்லைக் கீன் பிடித்துக்கொண்டதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டவருக்கு இதுதான் பதில். அந்த மேசையில் அப்படிக் கேட்கும் ஒருவர் இருந்திருக்க வேண்டும். நான் அந்த ஒருவராக இருந்திருக்கலாம்.

30 மார்ச் 2024

வாக்கெடுப்பின் முடிவைச் சொல்லாமலே இத்தனை நாள் எழுதிவிட்டேன். தீர்மானத்துக்கு ஆதரவாக 2, எதிராக 34.

அந்த 34 பேரும் வாரியத்தை மனதார ஆதரித்தார்கள் என்று கொள்வது கடினம். வாரியத்தைக் கண்டிப்பது அதன் உறுப்பினர்களை அவமதிப்பதாகும் என்ற தயக்கமும், நாத்திகத்தின் பக்கம் நிற்பதாக ஊரில் பேச்சு வரும் என்ற அச்சமும் ஒரு சிறு நாட்டின் அவையில் எவ்வளவு எடை கொண்டவை என்பதை நூலகக் குழுவில் இருந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1946இல், 1942 விவாதத்தின்போது நீதியமைச்சராக இருந்த அதே ஜெரால்ட் போலண்ட் அந்தப் பதவியில் இருந்தபோதே, தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்டது. தடைகளை எதிர்த்து முறையிட மேல்முறையீட்டு வாரியம் ஒன்று வந்தது. 1929 சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. ஆகவே கீன் தோற்றாலும் நான்கு ஆண்டுகளில் ஜெயித்தார் என்று எழுதி முடிக்க நினைத்தேன்.

31 மார்ச் 2024

நேற்றைய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். 1946 சட்டம் இன்னொன்றையும் செய்தது: அமைச்சருக்குப் பரிந்துரைப்பதோடு நின்றிருந்த வாரியத்துக்குத் தானே தடை விதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அதோடு தளர்ந்தது. தடைகள் உச்சத்தை எட்டியது 1950களில்தான். தடையின் ஆயுளைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குறைத்து ஆயிரக்கணக்கான புத்தகங்களை ஒரே நாளில் விடுவித்த சட்டம் வருவதற்கு 1967 ஆகிவிட்டது. கீன் இறந்தது 1956இல். தான் எதிர்த்த வாரியம் தன் வலிமையின் உச்சியில் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

20 ஏப்ரல் 2024

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: மின்சாரத்தில் பிற்போக்கு, புத்தகத்தில் முற்போக்கு, இப்படி இரண்டு கீன்கள் இருப்பதாகத்தானே நீங்கள் காட்டுகிறீர்கள்?

பிப்ரவரியில் நான் எழுதியவை அப்படித்தான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு விவாதங்களையும் இந்த மாதம் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் அது தவறு என்று பட்டது. 1927இலும் 1942இலும் அவர் முன்னால் இருந்தது ஒரே பொருள்: அரசு நியமித்த ஒரு வாரியம். முதலாவது ஒளியைப் பங்கிடுகிறது, இரண்டாவது படிப்பைப் பங்கிடுகிறது. நியமிக்கப்பட்ட சிலரிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள், தவறினால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு இடம் வைக்காமல் விடுவதை அவர் இரு முறையும் எதிர்த்தார். அந்த அச்சம் மின்சாரத்தில் அவரைத் தவறான இடத்திலும், புத்தகத்தில் சரியான இடத்திலும் கொண்டுபோய் நிறுத்தியது. மின்கம்பிக்கு உண்மையில் ஒரு பெரிய வாரியம் தேவைப்பட்டது. தனித்தனியான சிறு கம்பெனிகளால் அந்தக் கம்பிகள் கடைசிக் கிராமம் வரை போயிருக்காது என்று என் தொழில் எனக்குச் சொல்கிறது. ஆன்ஸ்டியின் பேச்சுக்கு ஒரு வாரியமும் தேவைப்படவில்லை.

படிக்க விரும்புகிறவர்கள் 1927இல் தொடங்குங்கள், அதன் பிறகு 1942 நவம்பர் 18க்குப் போங்கள். அடைப்புக்குறி வரும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ‘தையற்காரரும் ஆன்ஸ்டியும்’ புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து முழுதாகப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு மக்கென்னிஸின் பதிலுக்கு வாருங்கள்.